கிணறு மாறிய வாரம்

அந்த நாவலின் கதாநாயகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். விளக்கை அணைக்காமல் போனது அவர். பள்ளி எரிந்ததும் பழி விழுந்தது காவல்காரன் மேல். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த அந்தப் புத்தகத்தைச் சாப்பாட்டு வேளையில், எங்கள் நெசவாளர் சங்கத்தில் ராட்டையில் நூல் சுற்றும் அக்காவுக்குத் தினம் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இவன்லாம் ஒரு ஆளா?" என்பாள், சோற்றைப் பிசைந்தபடி. "ஒரு வார்த்த சொல்ல வாய் வரல, பசங்களுக்குப் பாடம் நடத்தறானாம்."

நான் பக்கத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் கணவர்தான் சங்கத்தின் சாயக்காரராக இருந்தவர். அவர் வேலையை விட்டதற்குக் காரணம் நான். அது அவளுக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. டிப்ளமா முடித்து, காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் சோதனை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். சாயம் ஏறி வரும் ஒவ்வொரு பட்டு நூல் சிட்டத்திலும் கொஞ்சம் நூலை அறுத்து, வெள்ளை நூலோடு முறுக்கி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால், சாயம் நிற்கும் என்று பச்சைச் சீட்டு. என்னைத் தவிர யாரும் சீட்டுக் கட்டக்கூடாது.

தவறு நடந்த அன்று அரக்குச் சிவப்பு இரண்டு தடவையாக வந்தது. காலையில் வந்ததைச் சோதித்தேன். மாலையில் வந்ததைக் கொடுக்கும்போது சாயக்காரர், "எங்க கெணறு வத்திடுச்சு மா. செவிலிமேட்டுப் பக்கம் வேற கெணத்துத் தண்ணில அலசினேன். நல்லா பாத்துடு" என்றார். தண்ணீர் மாறினால் சாயம் பிடிப்பதும் மாறும். பாடப்புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி. ஆனாலும் அதே நிறம், அதே கை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சோதிக்காமலே சீட்டைக் கட்டினேன்.

அந்த நூல் ஒரு புடவைக்குப் போனது: கரையில் அரக்கு, உடலில் சந்தனம். கல்யாணப் புடவை. நெய்து முடித்துக் கஞ்சித் தண்ணீர் தெளித்தபோது, சிவப்பு விரல் விரலாகச் சந்தனத்துக்குள் இறங்கியது.

விசாரணையில் சாயக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "கெணறு மாத்தினேன்னு உன்னாண்ட சொன்னேனே மா?"

சங்கச் செயலாளரும் என்னைப் பார்த்தார். "நினைவில்லை" என்றேன்.

சாயக்காரர் வாதாடவில்லை. தன் கைகளைப் பார்த்துவிட்டு, "அப்ப சொல்லல போல" என்றார். யாரும் அவரை விலக்கவில்லை. அந்த வாரமே, தானாக, வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

"மறதி வந்தவன் சாயச் சட்டியாண்ட நிக்கக்கூடாதுன்றாரு" என்றாள் அக்கா. "நானும் அதான் சொன்னேன். வயசாவுது இல்ல."

டைரியில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, சாயம் இறங்கியது: அவரா, தண்ணீரா? தெரியவில்லை. இரண்டு, சோதிக்காதது: நான். மூன்று, அவர் சொன்னதைச் சொல்லாததாக ஆக்கியது: நான். நான்கு, செய்ய வேண்டியது. அதன் எதிரே பல நாள் ஒன்றும் எழுதவில்லை.

நாவலின் முடிவில் வாத்தியார் வெள்ளத்தில் குதித்து ஒரு குழந்தையை மீட்கிறார். ஊரே அவரைக் கும்பிடுகிறது. எனக்கு அந்த முடிவு போதுமாக இருந்தது. அக்காவுக்குப் போதவில்லை.

"கொழந்தையத் தூக்கினான், சரி. அந்த வாட்ச்மேனாண்ட போய்ச் சொன்னானா?"

மிச்சமிருந்த மூன்று பக்கங்களையும் புரட்டினேன். "இல்லக்கா."

"நல்லா பாரு. பக்கம் எதனா கிழிஞ்சிருக்கும்."

மறுநாள் அரைநாள் விடுப்பில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். தலையெல்லாம் உமியோடு அவர் ஆலை வாசலுக்கு வந்தார்.

"நீங்க சொன்னீங்கண்ணே" என்றேன். "கெணறு மாத்தினத சொன்னீங்க. கேட்டப்பவும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் டெஸ்ட்டே பண்ணல."

திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது சிரிப்புதானா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. "சொன்னேனா?" என்றார். பிறகு, "சொன்னேன் இல்ல?" வீட்டுக் கதவைப் பூட்டினால்கூட, பூட்டினேனா என்று மனைவியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டிருந்தாராம், இத்தனை நாளும்.

"சாயம் எறங்கினது என் தப்புதான் மா, அத வுடு. அவளாண்ட சொல்லு. செயலாளராண்டயும் சொல்லு. நான் சொன்னா மறதிக்காரன் ஒளறிக்கினு வரான்னுவாங்க."

இரண்டையும் செய்தேன். செயலாளர் எழுதித் தரச் சொன்னார், தந்தேன். சீட்டுக் கட்டும் வேலை ஒரு மாதம் என் கையைவிட்டுப் போயிற்று. அக்கா ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காரவில்லை.

அந்த மாதம் முடிந்ததும் அவர் சாயப் பட்டறைக்குத் திரும்பினார். முதல் சிட்டங்களை என் மேசைமேல் வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மழைக்குப் பழைய கெணறே ஊறிடுச்சு. அந்தத் தண்ணிதான். சொல்லிட்டேன்" என்றார்.

"நானும் கேட்டேன்" என்றாள் அக்கா, ராட்டைக்குப் பின்னாலிருந்து.

அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சொன்னாளா, எனக்கு எதிரான சாட்சியாகச் சொன்னாளா? நிமிர்ந்து பார்த்தேன். அவள் நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோதனைக்கு வெந்நீர் வைக்க எழுந்தேன்.