என்ன சொல்லி அடித்தார்கள்?

குளிரும் பனியும்கூடப் பழகிவிட்டன. இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாமல் இருப்பது புல்வெளிப் பலகைகள்தான். தேர்தல் வந்துவிட்டால் அமெரிக்கர்கள் தாங்கள் யாருடைய பக்கம் என்பதைப் பலகையில் எழுதி வீட்டு முற்றத்தில் நட்டுவிடுகிறார்கள். முன்வீட்டுக்காரர் எதிர்ப்பலகை நடுகிறார். காலையில் இரண்டு பேரும் கையசைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இலங்கையில், எண்பத்துமூன்று ஜூலையில், கண்டியில் தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கிய அன்று அப்பா செய்த முதல் வேலை, கேற்றிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியதுதான். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். மூன்று மொழியிலும் தன் பெயரை எழுதி வைத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெயரைப் பார்த்தே வீட்டைக் கொளுத்துவார்கள் என்று அன்று பயந்தார். அப்படி வளர்ந்த நான் இப்போது சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, ஒரு சட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். முழங்கால் நோகிறது. பெரும்பாலானவர்கள் மரியாதையாகத்தான் மறுக்கிறார்கள்.

அந்தச் சட்டம் என் தம்பி குகனுக்காக. குகன் ஆண்களை விரும்புகிறவன். இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. வாசிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பதும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனும் அவனுடைய துணைவனும் சாப்பாட்டுக்கடையிலிருந்து கைகோத்தபடி வெளியே வந்தார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் நின்ற மூன்று இளைஞர்கள் குகனை அடித்து விழுத்தினார்கள். தோள்பட்டை எலும்பு உடைந்தது. புருவத்தில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த பெண் பொலிஸ் அதிகாரி அவனிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன சொல்லி அடித்தார்கள் என்பது.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. நிறத்தையோ இனத்தையோ மதத்தையோ வெறுத்து ஒருவரை அடித்தால் இந்த மாநிலத்தில் தண்டனை கூடுதல். ஆணை விரும்பும் ஆண் என்பதற்காக அடித்தால் அது வெறும் கைகலப்பு. குகன் நடந்ததைச் சொன்னான். அவர்கள் கத்திய சொல்லையும் சொன்னான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்கள் தோலின் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா, நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார். நல்ல மனுசி. கேட்ட விதத்திலேயே உதவி செய்யப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் போதும். குகன் இல்லை என்று தலையாட்டினான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒரு பை அப்பிள்பழத்தோடு வந்தார். கொதித்துப் போயிருந்தார். நகரசபைக்கு முன்னால் சனத்தைத் திரட்டுவோம், பத்திரிகைக்காரரைக் கூப்பிடுவோம் என்றார். ஊரில் அடி வாங்கி ஓடிவந்த எங்களுக்கு இங்கேயும் அடியா என்று கேட்டார். பிறகு குகன் அவருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னான். தலைவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அதை ஏன் வெளியில சொல்லுவான்? தமிழன் எண்டுதான் அடிச்சவங்கள் எண்டு சொல்லுவம். சனம் முழுக்க உம்மட பக்கம் நிக்கும்.”

“ஐயா, கண்டியில ஒருக்கா வேற ஆள் எண்டு சொல்லித்தான் தப்பினனான். இனி என்னால ஏலாது.”

அது என்ன கதை என்று தலைவருக்குத் தெரியாது. அந்த ஜூலையில் குகன் ரியூஷனுக்குப் போய்க் கண்டி டவுனுக்குள் அகப்பட்டுக்கொண்டான். பக்கத்து ஊரான கலகெதரையைச் சேர்ந்த அவனுடைய முஸ்லிம் வகுப்புத்தோழன் பளீல் தன் தொப்பியைக் கழற்றி இவன் தலையில் வைத்து, மாமாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தமிழரைத் தேடிய கும்பல் வண்டியை மறித்துப் பெயர் கேட்டது. குகன் ஒரு முஸ்லிம் பெயரைச் சொன்னான். முன்னால் வந்த காரிலிருந்தவர்களை ஏற்கெனவே வெளியே இழுத்திருந்தார்கள். கலகெதரையில் பளீலின் உம்மா அவனுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தபோது, “மகன், பயப்படாம தின்னுங்க, இங்க ஒத்தரும் வரமாட்டாங்க” என்றாராம். ஊரடங்குச் சட்டம் தளர்ந்து வீட்டுக்கு வந்தவன் பல நாள் யாருடனும் பேசவில்லை. உயிர் தப்பியது எங்களுக்குப் பெரிது. அவனுக்கோ அந்தப் பாலத்தடியில் தன்னை இல்லையென்று சொன்னது பெரிது. இதை நான் விளங்கிக்கொண்டது ஆஸ்பத்திரியில்தான்.

தலைவர் பிறகு வரவில்லை. அடித்தவர்கள் அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். குகனும் அவனைப் போன்ற சிலரும், சில அம்மாமாரும் சேர்ந்து சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். நானும் சேர்ந்தேன். எங்கள் மாநில செனட்டரைப் பார்க்கப் போனபோது அவருடைய உதவியாளப் பெண்தான் இருந்தாள். உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றாள். எனக்குத் தெரிந்த கதை கண்டிதான். பெயர்ப்பலகையையும் பாலத்தடியையும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, கவலைப்படாதீர்கள், அப்படி ஒன்று இங்கே நடந்தால் எங்கள் சட்டம் உங்களைப் பாதுகாக்கும் என்றாள். என்னைத்தான் சொன்னாள். பக்கத்துக் கதிரையில் குகன் இருந்தான்.

மசோதா அந்த வருடமும் சட்டசபைக் குழுவைத் தாண்டவில்லை. அடுத்த வருடமும் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அலுத்துப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இலங்கையில் போர்நிறுத்தம் வந்ததும் இங்குள்ள தமிழர் எல்லாரும் ஊருக்கு விமான ரிக்கற் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். குகனையும் கூப்பிட்டேன், வரவில்லை என்றான். அங்கே அவனுக்காக இருக்கும் சட்டம் ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது. அது அவனை அடிப்பவனை விட்டுவிட்டு அவனைத்தான் பிடிக்கும். விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளை இறக்கித் தந்துவிட்டுச் சொன்னான்: “சண்டை முடிஞ்சா நீங்கள் போகலாம் அக்கா. எனக்கு எது முடியவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

பிள்ளைகள் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன். எந்த ஊரிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தேனோ, அந்த ஊருக்கு உறவினருக்குச் சொக்லேற் வாங்கிக்கொண்டு போகிறேன். கண்ணாடிக்கு அப்பால் குகன் பஸ்ஸுக்காக நின்றான். இருக்கை காலியாக இருந்தும் உட்காரவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வோர் இளைஞனின் கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.