குதிரைக்கு அறிவிப்புச் செய்தவள்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு ஜங்ஷனில் எனக்கு விசாரணை கவுண்டரில் வேலை. ரயில் நேரம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும், மைக்கில் அறிவிக்கவேண்டும். ஒருநாள் காலை விழுப்புரம் பாசஞ்சர் முக்கால் மணி தாமதம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், நரைத்த மீசையோடு நெட்டையாக ஒருவர் எதிரே நின்றிருந்தார்.

"இப்ப மைக்ல பேசினது நீங்கதானாம்மா?"

புகார்தான் என்று நினைத்தேன். வண்டி தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. இப்படி ஒரு குரலைத்தான் தேடிட்டிருக்கேன், என் குதிரைக்கு," என்றவர் கொஞ்சம் யோசித்து, "குதிரைக்கு இல்ல, எனக்கு," என்றார்.

ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு நடுவில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தார். ரேஸில் ஒருதடவைகூட ஜெயிக்காத ஒரு பெண்குதிரையை வாங்கி, டிரெஸாஜ் என்ற விளையாட்டுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அதில் ஓட்டப்பந்தயம் கிடையாது, தாண்டுவதும் கிடையாது. ஒரு செவ்வகத்துக்குள் குறித்த இடத்தில் குறித்த நடையில் குதிரை போகவேண்டும், திரும்பவேண்டும், நிற்கவேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலவே தெரியவேண்டும். அவருக்கு எல்லாம் வந்தது. எதற்கு அப்புறம் எது என்பது மட்டும் மறந்துவிடும். வெளியில் நின்று ஒருவர் வரிசையாகப் படித்துச் சொல்லலாம் என்று விதி இருந்ததாம். அதற்குத்தான் நான்.

"ஆம்பளையாள் யாரும் கெடைக்கலியா அவருக்கு?" என்றாள் அம்மா. அந்த வாரமே அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் ரசப்பொடிக்கு அளவு கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்ததே அம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போவேன். கடல்மணலில் குதிரையின் கால் புதையும் என்று செம்மண் கொட்டி, உருளை ஓட்டி மைதானம் செய்திருந்தார். சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த மண்ணெண்ணெய் டின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப்.

"வரிசையா இல்லியே சார்?"

"எல்லா ஊர்லயும் இப்படித்தான். ஏன்னு யாருக்கும் தெரியாது."

நடுவில் எக்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அதற்கு டின் கிடையாது, இருப்பதாக நினைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் ஸ்டேஷனில் இப்படி ஒரு பிளாட்பாரம் இருந்தால் என் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் சிக்கல் வந்தது. நான் "ட்ராட்" என்றதும், அவர் கால் அழுத்துவதற்கு முன்னாலேயே குதிரை துள்ளுநடைக்கு மாறியது. "ஹால்ட்" என்றால் அங்கேயே நின்றது, எழுத்து வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை.

லாயம் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலியில் சாய்ந்து நின்று சொன்னார்: "இன்னாமா, நீ சொன்னாத்தான் கேட்டுக்கினு கீது. ஐயா சும்மா மூட்டை மாரி மேல குந்திக்கினு கீறாரு."

ஐயாவின் முகம் சுருங்கியது. அவர் மனைவிதான் வழி சொன்னார். பயிற்சியில் நான் வரிசையைக் கலைத்துப் படிக்கவேண்டும், அப்போது குதிரை என் சொல்லை நம்பி முந்திக்கொள்ளாமல் அவர் காலுக்குக் காத்திருக்கும். அப்படியே செய்தோம். குதிரை பழகிக்கொண்டது, குழம்பவில்லை. அவர்தான் குழம்பினார்.

போட்டி மெட்ராஸில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு மைதானத்தில் நடந்தது. உச்சி வெயிலில் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர் உள்ளே வந்தார். எக்ஸில் நிறுத்தி, சி எழுத்துக்குப் பின்னால் மேஜை போட்டிருந்த நடுவருக்கு வணக்கம் வைத்தார். நன்றாகத்தான் போனது. ஈ எழுத்தில் ஒரு பெரிய வட்டம் என்று படித்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் மின்சார ரயில் வந்தது.

வண்டி போகும்போது வாயை மூடிக்கொள்வது என் வழக்கம். அந்தச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் வீண். அது போய் முடிவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்ஸ் வந்தது, நீளமான கூட்ஸ். நானும் காத்திருந்தேன்.

அவர் வட்டம் போட்டார். அடுத்து என்ன என்று தெரியாமல் இன்னொரு வட்டம் போட்டார். வாய் திறந்தால் மதிப்பெண் போகும் என்பதால் கண்ணாலேயே என்னைக் கேட்டபடி மூன்றாவது வட்டம் போட்டார். தப்பு என்று நடுவர் மணி அடித்தார். மணிச் சத்தம் கேட்டதும், ஸ்டேஷன் பழக்கத்தில், என் வாய் தானாகத் திறந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. மீதியை விழுங்கிவிட்டு, விரலால் வரியைத் தேடிப் படித்தேன். அதற்கப்புறம் ஒரு பிசகும் இல்லை.

கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. கடைசி வந்த குதிரை மைதானத்தை விட்டே ஓடிப்போயிருந்தது. திரும்பும்போது ஜீப்பில் நான் அழுதுகொண்டு வந்தேன். அவர் மனைவி வண்டலூர் வரை சிரித்துக்கொண்டு வந்தார். அவரோ மதிப்பெண் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"மூணு வட்டமும் ஒரே அளவுன்னு நடுவர் எழுதியிருக்காரும்மா. ஒரு வட்டம் போடறவங்களுக்கே அது வராது. எதுக்கு அழறீங்க?"

மறுவருஷம் என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அவரே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நான் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எச் எழுத்துக்கிட்டே வந்ததும் அவருக்கு மறந்துவிட்டது என்று முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அடுத்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லக்கூடாது. அவர் தனக்குப் பிடித்த பக்கம் திரும்பிப் போனார், மணி அடித்தது, இன்னொரு பக்கம் போனார், மறுபடி அடித்தது. அன்றைக்குக் கடைசி இடம் அவருக்குத்தான்.

இறங்கி வந்து குதிரையின் கழுத்தில் தட்டிக்கொடுத்தபடியே, "ஞாயித்துக்கிழமை வர முடியுமாம்மா?" என்றார். எனக்கு அந்த மாதம் ஞாயிறுகளில் டியூட்டி. பக்கத்துக் கவுண்டர்காரரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன்.