காலியாக விடச் சொன்ன கட்டம்

மாணவர் கையேட்டின் பதினோராம் விதி: மாணவரை நேரில் அழைத்து விளக்கம் கேட்காமல் எந்த மதிப்பெண்ணையும் நிறுத்தி வைக்கக் கூடாது. என் தங்கை மகளை யாரும் அழைக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நிறுத்தி மட்டும் வைத்தார்கள்.

அவள் அலோர் ஸ்டாரில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் படிப்பு, கடைசி செமஸ்டர். வீடு கோலா கெத்திலில். தினமும் வந்து போக முடியாது என்பதால் கல்லூரிக்குப் பக்கத்தில், மெர்கோங்கில் என்னோடு தங்கியிருந்தாள். நான் சுகாதார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்த்து, பெரும்பாலும் திருப்பி அனுப்பி, ஓய்வு பெற்றவன்.

பாடாங் மேஹா தோட்டத்தில் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மாவைப் பேட்டி எடுத்து அவள் கேஸ் ஸ்டடி எழுதினாள். பேட்டி தமிழில். ஆங்கிலமாக்கி மெருகேற்ற ஏஐயிடம் கொடுத்தாள். சமர்ப்பிக்கும் பாரத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: ஏஐ பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று குறிப்பிடவும்.

“மாமா, இத எழுதணுமா?”

“கட்டாயம்னு போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்போ காலியா விடு. கேக்காதத நாமளே சொன்னா, அதயே புடிச்சிக்கிட்டு நாலு கேள்வி கேப்பான்.”

முப்பத்திரண்டு வருட அனுபவம் பேசியது. விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து விரிவுரையாளரின் குறிப்பு வந்தது. ‘வெள்ளிக்கிழமைகளில் மாத்திரை நிறுத்தப்படுகிறது’ என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. எந்த டாக்டரும் இப்படிச் சொல்லமாட்டார், இது இயந்திரத்தின் கற்பனை, ஏஐ பயன்பாடும் மறைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தார். மதிப்பெண் நிறுத்தம். அந்த மதிப்பெண் இல்லாமல் தாதியர் வாரியத் தேர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். அந்த அம்மா சொன்னது அப்படியே இருந்தது: “வெள்ளிக்கிழம விரதம் தாயி. வெறும் வயித்துல மாத்திர போட்டா தல சுத்துது, அதான் போடுறதில்ல.” இயந்திரம் மாத்திரையை வைத்துக்கொண்டு விரதத்தை எடுத்துவிட்டது. நோயாளியின் வழக்கம் டாக்டரின் உத்தரவு மாதிரி ஆகிவிட்டது.

“நீ திரும்பப் படிக்கலயா?”

“இங்கிலீஷ் நல்லா இருந்துச்சு மாமா.”

மேல்முறையீட்டுக் கடிதத்தை நானே தட்டினேன். விதி எண், இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. அவள் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

“கட்டம் ஏன் காலின்னு இதுல இல்லயே.”

“கட்டாயமில்லன்னு ஒரு வரி போடுவோம்.”

“நீங்கதான் விடச் சொன்னீங்கன்னு போடலாமா?”

மறுநாள் அந்த வரியைச் சேர்த்தேன்: ஓய்வுபெற்ற அரசு ஊழியரான தாய்மாமனின் தவறான ஆலோசனையின்பேரில். என் பணிக்காலத்தில் யாருக்கும் இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்ததில்லை.

எங்கள் மாநிலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு காலை கல்லூரி அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் ஒரே பதில்தான்.

“அங்கிள், துறைத் தலைவர் மீட்டிங்ல இருக்காரு. இமேல் போடுங்க லா.”

“மூணு தடவ போட்டாச்சும்மா.”

“அப்போ வந்துரும் லா. புரோசஸ்ல இருக்கு.”

கவுன்டருக்கு உள்ளே இருந்தபோது நானும் இதையே சொல்லியிருக்கிறேன், இதைவிட மரியாதை குறைவாக. வெளியே நின்று கேட்டது இதுதான் முதல் தடவை.

தேர்வு நாள் வரை பதில் வரவில்லை. அன்று வெள்ளைச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, ஹாலில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசி நிமிடத்தில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கார் சாவி என் கையில் இருந்தது. ஒன்பது மணிக்குத் தேர்வு. ஒன்பதே காலுக்கு எழுந்து உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“சாப்டீங்களா மாமா?” என்றாள்.

பதில் மூன்று வரி. விளக்கம் ஏற்கப்பட்டது, மதிப்பெண் விடுவிக்கப்பட்டது, அடுத்த தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அந்தப் பதில் வந்து சேர்ந்தது தைப்பூசத்துக்கு மறுநாள், தேர்வு முடிந்த ஆறாம் நாள்.