மாமா பார்க்காத கோல்கள்

மைக்கைப் பிடித்திருந்த அந்த ஆள் பொய் சொன்னார். நந்தனத்து மைதானத்தில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, என் மாமாதான் தண்ணீர் பாட்டிலை எறிந்தார் என்று சொன்னார். மாமா எறியவில்லை. எறிந்திருக்கவே முடியாது. அது மைக் ஆளுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறை. எங்கள் வீடு மந்தைவெளியில். மாமா அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். தி.நகரில் நடக்க இடமில்லாத ஒரு தெருவில் துணிக்கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவது அவர் வேலை. அந்தத் தெருவில் போயிருப்பவர்கள் அப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்திருப்பார்கள், ஆனால் அது ஒரு வேலை என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஸ்டூல் மேல் ஏறி, கடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி, கைதட்டிக்கொண்டே கூப்பிட வேண்டும். "வாங்க வாங்க, உள்ள வாங்க. அக்கா உள்ள வாங்க, அண்ணே உள்ள வாங்க." காலையில் ஆரம்பித்தால் ஷட்டர் இறங்கும்வரை இதுதான். தீபாவளி சமயத்தில் தொண்டை கட்டிப்போய் வீட்டில் சைகையில்தான் பேசுவார். அம்மாவும் சைகையிலேயே திட்டுவாள்.

மாமாவுக்குப் பந்து உதைக்க வராது. எங்கள் தெருப் பையன்கள் ஒரு அணி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் நந்தனத்தில் ஏரியாவுக்கு ஓர் அணி என்று போட்டி நடக்கும். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க இரும்புக் குழாய்களை முடுக்கி, மேலே பலகை போட்டுக் கேலரி கட்டுவார்கள். எதிர்ப்பக்கம் ஷாமியானாவுக்குக் கீழே கமிட்டி உட்கார்ந்திருக்கும். மைக் அங்கேதான். எங்கள் அணி ஆடும் நாளில் மாமா தன் வார விடுமுறையை யாரோடாவது மாற்றிக்கொண்டு என்னையும் கூட்டிப் போவார்.

முதல் ஆட்டத்தில் அவர் மற்றவர்களைப் போல உட்கார்ந்துதான் பார்த்தார். ஆனால் கேலரி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. ஒருவன் விசிலடித்தான், ஒருவன் தகரத்தைத் தட்டினான், ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். மாமா நெளிந்தார். "இன்னாடா இது, ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கினு கீறானுங்க. இது கடையா இருந்தா ஒருத்தன் உள்ள வருவானா?" என்றார். பிறகு எழுந்து போய் முன்வரிசைக்கு எதிரே இருந்த தடுப்புக் கம்பியில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று கைதட்ட ஆரம்பித்தார். வேறு எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியாது. தினமும் நிற்பது அப்படித்தான்.

எங்கள் பையன்கள் பந்தைக் கொண்டுபோனால், "உள்ள வா! உள்ள வா!" எதிரணி கொண்டுவந்தால், "கட மூடியாச்சு! கட மூடியாச்சு!" பந்து கோலுக்கு மேலே பறந்துபோனால், "வேற சைஸ்! வேற சைஸ்!" எங்கள் ஆளை எவனாவது காலை வாரிவிட்டு நடுவர் அட்டை காட்டாமல் இருந்தால், "பில்லு போடு! பில்லு போடு!" கேலரி சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டது. அந்த மாலையே எல்லோரும் ஒரே குரல் ஆகிவிட்டார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அது காதில் ஆரம்பிக்காது. பலகை அதிர்ந்து, உள்ளங்கால் வழியாக ஏறி, வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் பிறகுதான் காதுக்கு வரும். நானும் கத்துகிறேனா, வாயை மட்டும் திறந்து வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. வெயில் இறங்கும்போது மைதானத்துப் புழுதி செம்மஞ்சளாக எழுந்து அப்படியே நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணா சாலையில் பஸ்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால், குதித்தவர்களின் கால்களிலிருந்து கழன்று விழுந்த ஒற்றைச் செருப்புகள் குளத்தில் மீன் கிடப்பது போலக் கிடக்கும். யாரும் எடுக்கப் போக மாட்டார்கள். பிறகு கம்பங்களில் பெரிய விளக்குகள் எரியும். புழுதி வெள்ளையாகிவிடும், எல்லோர் முகமும் நனைந்தது போல மின்னும். எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்தது போல இருக்கும்.

நான் முன்வரிசையில், மாமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பேன். பந்தைவிட மாமாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் முகம் திறந்தால் கோல். சுருங்கினால் பந்து வெளியே. கூட்டத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கோலைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து மேட்சுக்கு முதுகைக் காட்டுகிறாரே, இவர் லூசா என்று எனக்குக் கோபமாக வரும்.

"மாமா, ஒரு தடவையாவது திரும்பிப் பாரு மாமா."

"அங்க இன்னா கீது பாக்க? ஒரு பந்து. இங்க பாரு, எத்தினி மூஞ்சி!" என்றார். "நான் திரும்பினேன்னு வையி, இவனுங்க அமுங்கிடுவானுங்க பாப்பா."

அரையிறுதிக்கு எங்கள் பையன்கள் வந்துவிட்டார்கள். இதுவரை வந்ததே இல்லை. மந்தைவெளியே கிளம்பி வந்துவிட்டது போல இருந்தது. மாமா கடை யூனிபார்மைக் கழற்றிவிட்டு மஞ்சள் சட்டை போட்டிருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் பையன் ஒருவன் பந்தை வலைக்குள் தள்ளினான். மாமாவின் முகம் திறந்தது. கேலரி எழுந்தது. ஆனால் கேலரிப் பக்கக் கோட்டில் ஓடிக்கொண்டிருந்த லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆஃப்சைடு. கோல் இல்லை.

"பில்லு போடு" எல்லாம் அப்போது யாருக்கும் நினைவில்லை. வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பாட்டில் கிளம்பியது. என் பின்னால், எங்கோ மேலிருந்து. மூடி இல்லாத பாட்டில். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீரைச் சிதறிக்கொண்டு அது மெதுவாகச் சுழன்று போனது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. என் கையில் குளிர்ச்சியாக நாலு சொட்டு விழுந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் அழகாகத்தான் இருந்தது. மாமாவின் தலைக்கு மேலே போய், லைன்ஸ்மேன் காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் நின்றது. மைக் கரகரத்தது.

"கேலரி முன்னாடி மஞ்ச சட்டையில நிக்கிறவரே, பாட்டில எறிஞ்சது நீங்கதான். நாங்க பாத்தோம். உடனே வெளிய போங்க. நீங்க போகாம ஆட்டம் நடக்காது. அஞ்சு நிமிஷம் பார்ப்போம், அப்புறம் உங்க டீம் தோத்ததா அறிவிச்சுடுவோம்."

கேலரி கொதித்துவிட்டது. "யோவ், அவரு இந்தாண்ட பாத்துக்கினு நிக்கிறாருய்யா! முதுகுல கையா கீது?" என்று ஒருவர் கத்தினார். "கண்ணாடி போட்டுக்கினு பாருய்யா!" என்று இன்னொருவர். மைக் மறுபடி கரகரத்தது. பிறகு, "சரி. அப்ப எறிஞ்சது யாருன்னு அவரே கை காட்டட்டும். காட்டலன்னா அவர்தான்" என்றது.

கவனித்தீர்களா? அவர்தான் எறிந்தார், நாங்கள் பார்த்தோம் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

மாமா கைதட்டுவதை நிறுத்தினார். கேலரியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்த்தார். கீழ்வரிசையிலிருந்து மேல்வரிசை வரை பார்த்தார். அவர் பார்வை போன இடமெல்லாம் சத்தம் அடங்கியது, யாரோ விளக்குகளை வரிசையாக அணைத்துக்கொண்டு போவது போல. யாராவது எனக்காகப் பேச வருவீர்களா என்று தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு கம்பியிலிருந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டோரமாக நடந்து வெளியே போனார். எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. மாமா பயந்தாங்கொள்ளி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. மதில் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழே நின்றுகொண்டார். உள்ளே ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. மதிலுக்கு மேலே வெளிச்சம் மட்டும் பனி போல எழுந்து நின்றது. சத்தம் அலையலையாக வந்து எங்கள் மேல் விழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். "கார்னர்" என்றார். கொஞ்சம் கழித்து, "அய்ய, கோல்கீப்பரு புடிச்சிட்டான்" என்றார். கம்பியில் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக மைதானத்தைப் பார்த்து நின்றார். எதிரே இருந்தது சுவர்.

திடீரென்று ஒரு சத்தம் எழுந்தது. மரத்தில் அடைந்திருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

"நம்ம கோலா மாமா?"

"நம்மளுதுதான். அவனுங்களுதா இருந்தா, கத்துறதுக்கு மின்னாடி நம்ம ஆளுங்க ஒரு மூச்சு உடுறது கேக்கும்."

அவர் கை தானாகவே தட்ட ஆரம்பித்தது. சத்தம் வராமல் தட்டினார்.

பஸ்ஸில் கேட்டேன். "யாரு மாமா எறிஞ்சது?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் இன்னா மேட்ச் பாக்கறவனா?" என்றார். சரிதான் என்று நம்பினேன். முதுகைக் காட்டி நின்றவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது. எவனோ செல்போனில் எடுத்திருந்தான். மைக் குரலும் மஞ்சள் சட்டையும் தெளிவாக இருந்தன. அது கடை முதலாளி வரைக்கும் போனது. பாட்டில் எறிகிற ரவுடியை வாசலில் நிறுத்தினால் குடும்பத்தோடு வருகிறவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்றார். மாமாவைக் குடோனுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான். ஆனால் அங்கே ஜன்னல் கிடையாது, துணி மூட்டைகளைத் தவிர எதிரே எதுவும் கிடையாது. கமிட்டி அவரை மைதானத்துக்குள் வரக்கூடாது என்றது. தடை எடுத்த பிறகும் அவர் போகவில்லை. இன்றைக்கும் குடோனில்தான் இருக்கிறார். வீட்டில் அவர் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. அம்மா மட்டும் சில நாள் சமையலறையில் இருந்துகொண்டு, கொஞ்சம் சத்தமாகத்தான் பேசேண்டா என்பாள்.

இந்தக் கோடையில் ஆபீஸ் நண்பர்களோடு நந்தனத்துக்குப் போனேன். அதே போட்டி, அதே கமிட்டி. டீ-ஷர்ட் விற்கிறார்கள், நெஞ்சில் பெரிய எழுத்தில் "உள்ள வா". ஸ்பீக்கரில் அதையே பாட்டாகப் போடுகிறார்கள். எங்கேயிருந்து வந்தது இது என்று கேட்டால், சும்மா ஜனங்க பாடுறதுதான் என்கிறார்கள். எனக்கு ரத்தம் ஏறியது. கம்பியில் ஓர் இளைஞன் முதுகைக் காட்டி நின்று கத்திக்கொண்டிருந்தான். அவனிடம் சண்டை போடுவதற்காகத்தான் நானும் கம்பியில் ஏறினேன். ஏறி, அவனைப் போலவே கேலரிப் பக்கம் திரும்பினேன்.

சண்டை மறந்துவிட்டது.

மைதானத்து விளக்கு முழுவதும் அந்த முகங்கள் மேல்தான் விழுகிறது. மேல்வரிசையில் ஒருவர் மூக்கைச் சொறிவது தெரிந்தது. ஒரு பெண் உதட்டைக் கடிப்பது தெரிந்தது. நடுவரிசையில் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு மூடுவது தெரிந்தது. ஒருவர்கூட மறைவில் இல்லை. அங்கே நின்றவனுக்குத் தெரியாமல் அந்தக் கேலரியில் ஒரு விரலும் அசைய முடியாது.

வீட்டுக்கு வந்து, எறிந்தது யார் என்று அன்றைக்கே உனக்குத் தெரியும்தானே என்று மாமாவிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அத்த உடு" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "கை காட்டியிருந்தா? அப்புறம் எவன் என் மூஞ்சியப் பாத்து வாயத் தொறப்பான்? என்னை நம்பித்தான கத்துனானுங்க" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்கவில்லை. அன்று அவர் கேலரி முழுக்கக் கண்ணை ஓட்டியது உதவி கேட்டு அல்ல. எறிந்தவன் எங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். அவனாகவே எழுந்து வர நேரம் கொடுத்தார். அவன் வரவில்லை. அதனால் இவர் இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

மைக் ஆளை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். இது உனக்கு. நீ எங்களோடு அந்தக் கேலரியில்தான் நின்றாய், எங்கள் அணிக்காகத்தான் கத்தினாய், அநேகமாக எங்கள் ஏரியாக்காரன். மாமா உன்னைப் பார்த்தார், அவர் பார்த்தது உனக்கும் தெரியும். உன் பெயரை அவர் எனக்கும் சொல்லப் போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும். எனக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பாதே, மாமா காலில் வந்து விழாதே. இந்தக் கோடையின் இறுதியாட்டத்தன்று கேலரி நிறைந்திருக்கும். விளக்கு எரிந்த பிறகு எழுந்து நில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்: அந்தப் பாட்டிலை எறிந்தது யார்?