இல்லாத மாட்டுக்கு அகத்திக்கீரை

ஐம்பது தாண்டியவன் மேல் என்னென்ன பழி வரலாம் என்று எனக்கு ஓரளவு கற்பனை இருந்தது. கணக்குப் பிரிவில் இருப்பவன். கையாடல் என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். என் மேல் வந்தது தயிர்சாதம்.

கீழவாஞ்சூரில் நிலக்கரிக்கு லாரி விடும் கம்பெனியில் எனக்கு வேலை. சென்னையிலிருந்து ஆட்கள் வருவதாக ஒரு கூட்டம். சாப்பாடு சொன்ன அளவுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. சாயங்காலம் வெஜிடபிள் பிரியாணியும் தயிர்சாதமும் பாத்திரத்தில் அப்படியே இருந்தன. சமையல்காரர் பாத்திரத்தை எடுக்கக் காலையில்தான் வருவார், அதற்குள் ஊசிப்போகும். என் டிபன் கேரியர் காலியாக இருந்தது. நிரப்பிக்கொண்டு தலத்தெருவில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். நானும் மனைவியும் சாப்பிட்டோம். தயிர்சாதத்தில் மாதுளை முத்து போட்டிருந்தார்கள். நன்றாகவே இருந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சென்னைக்காரர், என் மகன் வயதிருக்கும், கோபத்தைக்கூட மரியாதையாகக் காட்டுகிறவர். கைபேசியைத் திருப்பிக் காட்டினார். டீசல் திருட்டைப் பிடிக்க வைத்த கேமராவில் ஒரு வழுக்கைத் தலை குனிந்து கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தது. வழுக்கை அவ்வளவு தூரம் பரவியிருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"இது நீங்கதானே சார்?"

"நான்தான். மீந்துபோனதுதானே சார்."

"மீந்தாலும் கம்பெனிதுதான். இன்னிக்கு சோறு. நாளைக்கு?"

பணப்பெட்டிச் சாவியைக் கேட்டு வாங்கி, தன் பக்கமாக மேசையில் வைத்துக்கொண்டார். முடிவு எடுக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். பல மேனேஜர்கள் வந்து போனார்கள், சாவி என்னிடமே இருந்தது. அதை எடுத்துவிட்டால் நானும் அந்த அறையில் இன்னொரு நாற்காலி, அவ்வளவுதான்.

சுரக்குடியில் எங்களுக்கு நிலம் இருக்கிறது, நெல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்புறம் ஏன் எடுத்தீர்கள் என்பார். வீணாகப் போகிறதே என்பது ஒரு பதில். பசி என்பது இன்னொன்று. நாலு புத்தகம் படித்தவன் சொல்லக்கூடியதாக இரண்டுமே அந்த ஏ.சி. அறையில் தோன்றவில்லை.

அப்போது ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் உள்ளே வந்தார். அவரும் சுரக்குடிதான், எனக்குத் தம்பி முறை. கதவருகே நின்று கேட்டிருக்கிறார்.

"சார், அண்ணன் அத மாட்டுக்குல்ல எடுத்துட்டுப் போனாங்க. வூட்ல பசு நிக்கிதுல்ல."

என் வீட்டில் நிற்பது ஒரு ஸ்கூட்டர்.

ஆனால் மேனேஜருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போகிறவர். இந்த ஊருக்கு மாற்றல் வந்ததே பகவான் கூப்பிட்டனுப்பியதால்தான் என்று நம்புகிறவர். தம்பிக்கு அது தெரியும்.

"பசுவுக்கா? மொதல்லயே சொல்லக்கூடாதா சார். அது புண்ணியமாச்சே."

சாவி என் பக்கம் நகர்ந்தது. மனிதன் தின்றால் திருட்டு, மாடு தின்றால் புண்ணியம் என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்தேன்.

"ஏன்யா, எங்கய்யா இருக்கு மாடு?"

"ஒரு வாய் சோத்துக்காவ வேலைய வுடப் போறீங்களாண்ணே? மாடுன்னா மாடு. சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். மாடு சும்மா இருக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து மேனேஜர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி வந்து, என் கையைத் தொட்டுக் கொடுத்தார். தன் கையால் பசுவுக்குக் கொடுத்ததாக இருக்க வேண்டுமாம். ஆபீசில் எல்லோரும் தட்டை வழித்துக் கொட்ட என் மேசையருகே ஒரு வாளி வந்தது. ஒருநாள் அதில் கோழி எலும்பு கிடந்தது.

"மாடு எலும்பு திங்காதுப்பா."

"உங்க மாடு பிரியாணி திங்கிற மாடாச்சே சார்" என்றது டெஸ்பாட்ச் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

வாளியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் அம்மாளிடம் கேட்டுப் பார்த்தேன். "வேணாங்க, சினை மாடு. கண்ட மசாலா சோத்தையெல்லாம் போடக்கூடாது" என்றார். மாடும் கைவிட்ட பிறகு, கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். கீரையைப் புதைக்க மனம் வரவில்லை. மனைவி தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். சில வாரம் தின்ற பிறகு கரண்டியோடு நின்று கேட்டாள்:

"ஏங்க, அந்த மாடு எப்பங்க சாவும்?"

சாகடிக்கவும் யோசித்தேன். அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம், பசுவைத் தொட்டுக் கும்பிட வேண்டுமாம். இனி ஒரு மாட்டை வாடகைக்குப் பிடித்துக் கட்டுவதுதான் பாக்கி. அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

"சார், மாடு இல்ல."

"ஐயோ, எப்ப?"

"எப்பவுமே இல்ல சார். அன்னிக்கு அந்தச் சோத்தை நானும் என் வீட்லயுந்தான் சாப்பிட்டோம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பிச் சொல்ல, இத்தனை வாரம் மனதுக்குள் எழுதித் திருத்திய பதில் ஒன்று தயாராக இருந்தது. அவர் சோற்றைக் காதிலேயே வாங்கவில்லை.

"அது கெடக்கட்டும் சார். என் கீரை?"

"பொரியல் செஞ்சோம்."

வெகுநேரம் என் வயிற்றையே பார்த்தார்.

"என் பரிகாரத்தைத் தின்னுட்டீங்களே சார்."

சாவியை நானே மேசை மேல் வைத்தேன். மறுவாரம் என்னை லாரி எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். தம்பிக்கு என் மேல் கோபம். "ஒங்கள யாருண்ணே உண்மைய சொல்லச் சொன்னது? பொய் சொன்னவன் நான்னு ஆயிடுச்சுல்ல" என்றதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மேனேஜர் அவரை மன்னித்துவிட்டார். தம்பி வீட்டில் உண்மையிலேயே மாடு நிற்கிறது. சனிக்கிழமைக் கீரை இப்போது அங்கேதான் போகிறது.

இங்கே டப்பாவைத் திறந்தவுடன் சோற்றின் மேல் கரித்தூள் படிந்துவிடும். அதோடு சேர்த்துப் பிசைந்து, வழித்துத் தின்றுவிடுகிறேன். மிச்சம் வைத்தால் யாருக்கு என்று கேட்பார்கள்.