தண்ணீர் வரும் கடைசிப் பக்கம்

கதையை முதல் பக்கத்திலிருந்து எழுதி, கடைசிப் பக்கத்தால் அடி வாங்குவதுதான் படக்கதைத் தொழில். கையால் எதையாவது செய்து நாலு பேர் முன்னால் வைத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம் இனம்தான், உட்காருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் நானே எழுதி, நானே வரைந்து, நானே அச்சுக்குக் கொடுத்து, நானே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்க் கடைகளில் போட்டேன். பகலில் எங்கள் சௌராஷ்டிரத் தெருத் தறிகளுக்குச் சேலைக்கரை டிசைன் வரைவேன். அது சோற்றுக்கு. படக்கதை எதற்கு என்று கேட்டவர்களிடம் அப்போது என்னால் ஒழுங்காக ஒரு பதில் சொல்ல முடிந்ததில்லை.

பஸ் கிளம்பும் நேரம்

என் முதல் புத்தகத்தில் கதாநாயகன் ஒரு நெசவாளி. முப்பத்தொரு பக்கம் இருமிவிட்டு முப்பத்திரண்டாம் பக்கத்தில் செத்துப்போவான். அந்தப் பக்கத்தை வரையும்போது நானே அழுதேன். ஊரும் அழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, பஸ் நிலையப் புத்தகக் கடைக்கு எதிரே தூணோடு தூணாக நின்றேன்.

கூடையும் கையுமாக ஒரு அம்மாள் வந்தார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். பஸ் கிளம்பும் அவசரத்தில் யாரும் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. புத்தகத்தைத் திருப்பி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார்கள். அந்த அம்மாளும் அப்படித்தான் செய்தார். பாடையைப் பார்த்தார், பழையபடி அடுக்கிலேயே வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய், "ஏம்மா, படம் நல்லா இல்லியா?" என்றேன். பஸ் படியில் கால் வைத்துக்கொண்டே அவர் சொன்னது: "படமெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. வீட்டுல நடக்குறதயே நான் பஸ்ஸுலயும் படிச்சுக்கிட்டுப் போகணுமாக்கும்?"

இடதுகை வேலு

கோபித்துக்கொண்டு ஒரு மாதம் தூரிகையைத் தொடவில்லை. பிறகு பிறந்தவன்தான் 'கிணறுவெட்டி வேலு'. புத்தகத்துக்கு ஒரு ஊர். ஊரே தண்ணீர் கிடையாது என்று சாதிக்கும். வேலு மண்வெட்டியை ஊன்றுவான். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் பீறிட்டு வரும். இப்போது பஸ் நிலையத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

நாலாவது புத்தகத்தில் வந்தது வினை. அந்தக் காலத்தில் படத்தை நெகட்டிவ் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். எழுத்தைத் தனியாக ஈய அச்சில் கோப்பார்கள். நெகட்டிவ்வைத் தவறிப்போய்ப் புரட்டி வைத்துவிட்டால் படம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். எழுத்து அது பாட்டுக்கு ஒழுங்காக நிற்கும். கடைசிப் பக்கத்துக்கு அப்படித்தான் ஆனது. 'வேம்புக்கு வலப்பக்கம் வேலு தோண்டினான்' என்கிறது எழுத்து. படத்தில் வேம்புக்கு இடப்பக்கம் தண்ணீர் அடிக்கிறது. எல்லாம் அச்சாகி, தைத்து, கடைக்கும் போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. பிளாக் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். பட்டறை முதலாளி பாய் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வேலு இடது கையில மம்முட்டி பிடிச்சிருக்கான், அம்புட்டுத்தானே தம்பி? தண்ணி வருதுல்ல?"

அறிவாளி நண்பர்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குடியிருந்த என் நண்பர் ஒரு பேராசிரியர். மழை பொய்த்த வருஷம் அது. வற்றிய கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் என்னை உட்காரவைத்துத் திட்டினார். "ஊரெல்லாம் வறண்டு கிடக்குது, உங்க புத்தகத்துல மட்டும் தண்ணி பொங்குது. நம்பிக்கைங்கிற பேர்ல ஜனங்களை ஏமாத்துறீங்க. தைரியம் இருந்தா ஒரு தடவை தண்ணி வராம முடிச்சுப் பாருங்க" என்றார். சுருக்கென்று தைத்தது. அடுத்த புத்தகத்தில் கிணறு வறண்டேதான் போகும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அது கிடக்கட்டும், மூணாவது புத்தகத்துல வந்துச்சே, மேலூர்ப் பொண்ணு, அதை வேலு கட்டிக்குவானா மாட்டானா?"

வலமா, இடமா

பங்குனி வெயிலில் ஒரு நாள் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஊர். அவர் ஒச்சப்பன், அந்த அம்மாள் பேச்சியம்மா. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த விலாசத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது அந்தப் பாழாய்ப்போன நாலாவது புத்தகம்.

விஷயம் இதுதான். அவர்கள் கிணறு வற்றிவிட்டது. நிலத்தைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. ஆடிக்குள் தண்ணீர் காணாவிட்டால் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலூர்ப் பட்டறையில் வேலைக்குப் போவதாக ஒச்சப்பன் முடிவு. அதற்குள் புதுக்கிணறு தோண்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் காட்டின் நடுவிலும் ஒரு வேப்பமரம். பேச்சியம்மாவுக்குப் படிக்கத் தெரியும். எழுத்தில் இருப்பது போல வலப்பக்கம் தோண்ட வேண்டும் என்கிறார். ஒச்சப்பனுக்கு எழுத்து தெரியாது. படத்தில் உள்ளபடி இடப்பக்கம்தான் என்கிறார். பத்து நாளாக வீட்டில் இதே சண்டை. "எது நெசம்ணே? நீங்களே சொல்லிருங்க" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிளாக் புரண்ட கதையைச் சொன்னேன். நீரோட்டம் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, வேலு என்று ஒரு ஆளே கிடையாது, தயவுசெய்து இதை நம்பித் தோண்டாதீர்கள் என்று கும்பிட்டேன். உங்கள் காட்டை நான் பார்த்ததுகூட இல்லை என்றேன். பேச்சியம்மா புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ நான்தான் மறைக்கிறேன் என்பதுபோலச் சிரித்தார்: "பாக்காமலாண்ணே எங்க வேப்பமரத்த அப்படியே போட்டிருக்கீக?"

முந்தி

அவர்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாற்றுகிறீர்கள் என்று பேராசிரியர் சொன்னது பேச்சுக்கு என்று நினைத்திருந்தேன்; இப்போது அதற்குப் பெயரும் ஊரும் வந்துவிட்டது. ஐந்தாவது புத்தகம் முப்பத்தொரு பக்கம் முடிந்து கிடந்தது. கடைசிப் பக்கம் மட்டும் வெள்ளைக் காகிதம். வறண்ட கிணற்றை வரைய உட்கார்ந்தால், அதைப் பேச்சியம்மா பஸ்ஸில் வாசிப்பது போலத் தோன்றுகிறது. தண்ணீர் வரையப் போனால் ஒச்சப்பன் வெயிலில் பாறையை உடைப்பது தெரிகிறது. பட்டறைப் பாய் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் பாதி ஆனது. அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட இரண்டு முறை பஸ் நிலையம்வரை போனேன், பயந்துபோய்த் திரும்பிவிட்டேன். இதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

என் மனைவி தறியில் இருந்தாள். "பேசாம கடைசிப் பக்கமே இல்லாம புத்தகத்தை விட்டுறவா?" என்று கேட்டேன். தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமல் எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் அவள் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "முந்தி நெய்யாம எந்தச் சேலையைத் தறியில இருந்து அறுத்திருக்கோம்? பொறுங்க."

மூன்றாவது குழி

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒச்சப்பனும் பேச்சியம்மாவும் வாசலில் நின்றார்கள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கையைப் பார்த்தேன். கையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் செம்மண் கலங்கிய தண்ணீர். "குடிங்கண்ணே" என்றார் ஒச்சப்பன். அப்படியே குடித்தேன். பல்லில் மண் கடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் முடியவில்லை.

"எந்தப் பக்கம் வந்துச்சு? வலமா இடமா?" என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். இடப்பக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் பாறை. வலப்பக்கம் அதற்கும் கீழே போயும் வெறும் சுண்ணாம்புக் கல். யார் சொன்னது சரி என்கிற சண்டை அதோடு முடிந்துவிட்டது. வெயில் தாங்காமல், இனி நிழலிலாவது தோண்டலாம் என்று வேம்பின் நிழல் விழுகிற பக்கம் மூன்றாவது குழி போட்டிருக்கிறார்கள். நாலு ஆள் ஆழத்தில் ஊற்று. நிலம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியாயிற்று.

"அப்ப என் புத்தகம் சொன்னது ரெண்டும் தப்புதானே?" என்றேன். ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எடம் ரெண்டும் பொய்யிதேன். தண்ணி இருக்குன்னு சொன்னீகள்ல, அது நெசம்ணே. அது இல்லாட்டி மூணாவது குழி எதுக்குப் போடப் போறோம்?" என்றார். அந்த வார்த்தையை நான் பேராசிரியரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். ஆனால் பேச்சியம்மா விடவில்லை. மேசையில் கிடந்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துவிட்டார். முப்பத்தொரு பக்கத்தையும் நின்றவாக்கிலேயே வாசித்து முடித்துவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்: "தண்ணிய வரைங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வெறுங்குழியும் போடுங்கண்ணே. மொதக் குழி பாறையானதும் இவரு ரெண்டு நாளு சோறு திங்கல. வேலுவுக்கும் அப்படித்தேன் ஆச்சுன்னு தெரிஞ்சிருந்தா தின்னிருப்பாரு."

அன்றிலிருந்து என் புத்தகங்களில் தண்ணீர் வருமுன் இரண்டு குழியாவது வறண்டுபோகின்றன. பஸ் கிளம்பும் அவசரத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பவர்களுக்குத்தான் அது இன்னும் தெரியாது.