குளியலறை ஜன்னலில் என் கணவரின் நெஞ்சு

எங்கள் வீட்டுக் குளியலறையின் சின்ன ஜன்னலில் கண்ணாடி கிடையாது. அந்த இடத்தில் பல வருடங்களாக என் கணவரின் நெஞ்சு எக்ஸ்ரேதான் இருந்தது. பெருங்களத்தூருக்குக் குடிவந்த புதிதில் கண்ணாடி உடைந்தது. வீட்டு ஓனர் மாற்றித் தரவில்லை. இவர் பீரோ மேலிருந்த பழைய எக்ஸ்ரேயை எடுத்து, ஓரங்களை வெட்டி, சட்டத்தில் பொருத்திவிட்டார். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். துணிக் கத்திரியால் பிலிமை வெட்டினாரே என்றுதான் அன்று எனக்குக் கோபம்.

காலை வெயிலில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும். வலது பக்கம் மேலே காராமணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவருக்கு டி.பி. வந்து, மருந்தெல்லாம் முடிந்த பிறகு எடுத்த படம் அது. "இது ஆறிப்போன தழும்பு, கடைசி வரைக்கும் இருக்கும், பயப்படாதீங்க" என்று அப்போது பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது கண்ணில் பட்டுப் பட்டு, அந்தப் புள்ளியும் வாளி, சோப்பு டப்பா மாதிரி வீட்டுச் சாமானாகிவிட்டது.

இந்த வருடம், மறைமலை நகரில் அவர் வேலை செய்யும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். எக்ஸ்ரே மட்டும் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். சாயங்காலமே போனில் முடிவு வந்தது. வலது நுரையீரலின் மேல் பகுதியில் சந்தேகத்துக்குரிய புள்ளி, ஒப்பிடப் பழைய படம் இல்லை, மேல் பரிசோதனை அவசியம் என்று எழுதியிருந்தது. படத்தில் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மறுநாள் தொழிற்சாலை கேட்டிலேயே அவரை நிறுத்தி, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வேலையைவிட, நோய் திரும்பி வந்துவிட்டதோ என்பதுதான் அவருக்குப் பயம். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், இருமல் வந்தால்கூடத் துண்டால் வாயை மூடி அடக்கிக்கொண்டார். அவருடைய தட்டையும் டம்ளரையும் நான் சொல்லாமலே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், பழைய படத்தை எடுத்ததும் அதே சென்டரில்தான். அதே கட்டடம், அதே மாடி. அப்போது ஒரு டாக்டர் சொந்தமாக நடத்தினார். இப்போது ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. பழைய படத்தை அவர்களே எடுத்துப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனோம். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. கவுண்டரில் நின்று பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதைப் படிக்கட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

அங்கிருந்த மேனேஜர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, பழைய ஓனர்கிட்ட மெஷின், இடம் எல்லாம் வாங்கினாங்க. பழைய படம் இருந்த கம்ப்யூட்டரை வாங்கல. அதை வச்சுக் காப்பாத்த தனி செலவு. இப்ப எங்க ஆப்ல வருஷ பிளான் போட்டுட்டீங்கன்னா, இனிமே எடுக்கிற படம் எல்லாம் பத்திரமா இருக்கும்."

"இனிமே எடுக்கிறது எதுக்குப்பா? இது பழைய தழும்புதானான்னு உங்க டாக்டர் ஒரு வாட்டி பாத்துச் சொன்னா போதும்."

"இங்க டாக்டர் கிடையாதுக்கா. முதல்ல கம்ப்யூட்டர் பாக்கும். கண்ணுக்குத் தப்புறதைக்கூட அது விடாது. அப்புறம் நாவலூர் ஆபீஸ்ல டாக்டருங்க பாப்பாங்க. எல்லா பிராஞ்ச் படமும் அங்கதான் போகும்."

கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. இருந்த புள்ளியை இருக்கிறது என்றுதான் சொன்னது. பழைய படம் எங்கே என்றும் சரியாகத்தான் கேட்டது. அந்தப் படத்தைச் செலவு என்று கழித்துவிட்டு, இனிமேல் எடுப்பதைப் பாதுகாக்க எங்களிடமே பிளான் விற்கிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலிலிருந்து எக்ஸ்ரேயைக் கழற்றினோம். சோப்புக் கறையைத் துடைத்து, புடவை வந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மறுபடியும் தாம்பரம் போனோம். மேனேஜர் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு எங்கக்கா? தேதி?"

"ஜன்னலுக்குப் பெருசா இருக்குன்னு ஓரத்தை வெட்டிட்டோம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப இது யாரோடதுன்னு நான் எப்படி எழுதறது? அதுவும் இல்லாம, பிலிமைக் கம்ப்யூட்டர்ல ஏத்த இங்க வழியே இல்லக்கா."

முன்பெல்லாம் அங்கே சுவரில் எக்ஸ்ரே செருகிப் பார்க்கும் விளக்குப் பெட்டி இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு டிவி. அதில் ஒரு குடும்பம் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

சரி, டாக்டர்கள் இருக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று மேடவாக்கம் வழியாக நாவலூர் போனோம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா, பேஷண்ட்டா? பேஷண்ட்டுங்க யாரும் இங்க வர்றதில்லியே."

இவர் முன்னால் வந்தார். "எங்க எலும்பெல்லாம் உள்ள போவுது, எங்கள மட்டும் வுட மாட்டியா?"

"எலும்பு ஒயர்ல போவுதுண்ணா. நீயும் ஒயர்லயே போயேன், யாரு வாணாங்கிறது?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பல நாளைக்கு அப்புறம் இவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு இருமலாக மாறியதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தள்ளிப் போனார். செக்யூரிட்டி பாவம், உள்ளே போன் செய்து கேட்டார். ஆப்பில் புகார் போடச் சொன்னார்களாம்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே எத்தனையோ டாக்டர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கையில் படம் இருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

கடைசியில் எங்கள் தெருமுனையில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் போனோம். காய்ச்சல், வயிற்றுவலிக்குப் பார்க்கிறவர் என்று அவரை முதலில் நாங்கள் நினைக்கவே இல்லை. அவர் பிலிமை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு கையில் எங்கள் போன். மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

"காலர் எலும்பு எப்ப உடைஞ்சுது?"

இவருக்குப் புரியவில்லை. பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடி மேடம். ஸ்கூட்டர்லேர்ந்து வுழுந்துட்டேன்" என்றார்.

"ரெண்டு படத்துலயும் அதே இடத்துல அதே மாதிரி கோணலாக் கூடியிருக்கு. இது போதும், பேரு வேணாம். புள்ளியும் அப்படியேதான் இருக்கு, வளரல. எதுக்கும் சளி டெஸ்ட் பண்ணிடுங்க. ஆனா இது புதுசு இல்லப்பா."

இவர் எழுந்து வெளியே போனார். தெருவோரம் நின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து உரக்க இருமினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பிலிமைக் கவரில் போட்டுக்கொண்டேன்.

சளி டெஸ்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. டாக்டரம்மாவின் கடிதத்தைப் பார்த்துத் தொழிற்சாலையில் உள்ளே விட்டார்கள். ஆனால், சில மாதம் கழித்து அதே சென்டரில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மாற்றமில்லை என்று அந்த ஸ்கேன் கம்பெனியே சொன்னால்தான் சிவப்பு வட்டம் போகுமாம். "இவனுங்க கணக்குல எனக்கு நெஞ்சே இந்த வருஷந்தான் மொளைச்சிருக்கு" என்றார் இவர். தட்டும் டம்ளரும் மறுபடி என்னுடையதோடு சேர்ந்துவிட்டன.

அந்த எக்ஸ்ரேக்கும் போய்விட்டு வந்தோம். இந்த முறை படிக்கட்டில் ஒன்றும் சொல்லிப் பார்க்கவில்லை. நேராகப் போய், "எங்களுக்குப் பிலிம்ல வேணும். ஓரத்துல பேரும் தேதியும் தெளிவாத் தெரியணும்" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.

"இப்பல்லாம் பிலிமே போடறதில்லக்கா" என்றார் மேனேஜர் தம்பி.

பழைய படம் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. ஜன்னலில் அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் குளிக்க வேண்டியிருக்கிறது.